மழைக்காலக் கலவை

கடலூர்
12.8.2010

அறிவு,

நேற்று நீ போனில் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது பாதியில் வைத்துவிட்டேன். கோபம் வந்திருக்கும். காரணத்தைக் கேள்.

ரோட்டுக் குழி மூடும் உன் கலவையைச் சோதித்துப் பார்க்கும் வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்திருக்கிறது. இங்கே ரோடு வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் நான் ஒருத்திதான். எங்கள் மேலதிகாரி வைத்திலிங்கம் சாரிடம் போனேன். "சார், இதக் கண்டுபுடிச்சவ எங்கூட ஒரே ஹாஸ்டல் ரூம்ல இருந்தவ. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றேன். அவர் சிரித்தார்.

"இந்த ஜில்லாவுல யாருக்கு யாரும்மா தெரியாதவங்க? நீயே பாரு. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இதப் பத்தி வாயால பேசாத. கேக்கறது சொல்றது எல்லாம் எழுத்துல இருக்கட்டும். நாளைக்கு எவனாவது கேட்டா எடுத்துக் காட்டலாம்."

ஆகையால் இனிமேல் தபால்தான்.

இரண்டு இடம் எடுத்திருக்கிறோம். ஒன்று செம்மங்குப்பம் பக்கம், டேங்கர் லாரி ஓடுகிற ரோடு. இன்னொன்று லால்பேட்டை பக்கம், கரும்பு டிராக்டர் போகிற ரோடு. இரண்டிலும் பாதிக் குழிகளில் உன் கலவை. மீதிக் குழிகளில் நாங்கள் வழக்கமாகப் போடுவது. ஒரு மழைக்காலம், ஒரு கோடை. இரண்டும் முடிந்த பிறகுதான் முடிவு.

தாரை இளக்குவதற்கு என்ன எண்ணெய் சேர்க்கிறாய், எவ்வளவு சேர்க்கிறாய் என்று எழுது. ரகசியம் என்றால் உறையின் மேல் அப்படியே குறிப்பிடு, நான் மட்டும் பிரிக்கிறேன்.

அம்மா உன்னை விசாரித்தாள். "அந்தப் புள்ள இன்னும் சாப்புடாம கொள்ளாமதான் திரியுதா?" என்று கேட்டாள். அதையும் எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஜான்சி

*

சிதம்பரம்
21.8.2010

மாண்புமிகு சோதனை அதிகாரி ஜான்சி அவர்களுக்கு,

போதுமா மரியாதை? சவரியம்மா கேட்டதற்குப் பதில்: சாப்பிடுகிறேன், தம்பி சமைத்தால்.

எண்ணெய் விவரம் தனி உறையில் வருகிறது. ரகசியம்தான், ஆனால் உன்னிடம் என்ன ரகசியம்.

நம் ஊரில் ரோடு எப்போது பெயர்கிறது? ஐப்பசி, கார்த்திகையில். தார் கொதிக்கவைக்கும் பிளான்ட்டை எப்போது மூடுகிறார்கள்? அதே ஐப்பசி, கார்த்திகையில். அதனால் குழியில் செங்கல் துண்டைக் கொட்டுகிறோம். அது ஒரு மழைக்குச் சேறாகிறது. அதன் மேல் ஒருவன் வண்டியை விடுகிறான், விழுகிறான். இதைத்தான் பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் கலவைக்கு அடுப்பு வேண்டாம், ரோலர் வேண்டாம். மூட்டையைப் பிரித்துக் குழியில் கொட்டித் திமிசால் இடித்தால் போதும். தண்ணீர் நிற்கிற குழியிலும் ஒட்டும்.

நான் வேலை பார்க்கிற கல்லூரியில் இதை நம்பியவர்கள் குறைவு. "சுப்புராயன் மவ ரோட்டுக்கு மருந்து கண்டுபுடிச்சிருக்கா" என்று ஒரு பேராசிரியர் என் காதுபடவே சொன்னார். என் அப்பா இதே கல்லூரியில் தோட்டவேலை பார்த்தவர் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன்.

உன் கையில் வந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

அறிவுமதி

*

கடலூர்
28.11.2010

அறிவு,

முதலில் நல்ல செய்தி. மழை விடாமல் ஊற்றியும் லால்பேட்டையில் உன் ஒட்டு ஒன்றுகூட அசையவில்லை. எங்கள் பழைய முறையில் மூடிய குழிகள் எல்லாம் வாயைத் திறந்துவிட்டன. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அளந்தபோது எதிர்க்கடை பாய் வெளியே வந்தார்.

"என்னாம்மா இது, தண்ணிக்குள்ளயே கெடக்குது, கரையவே மாட்டேங்குது? போன வருசம் என் பேரன் இங்கதான் சைக்கிளோட வுழுந்தான். இந்த வருசம் அல்லா காப்பாத்திட்டான்."

காப்பாற்றியதில் சிதம்பரத்துக்காரி ஒருத்திக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். அதை எழுத்தில் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

செம்மங்குப்பத்திலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. டீக்கடை முன்னால் லாரிகள் நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஒட்டின் மேல்பக்கம் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கிறது. டீசல் சொட்டுவதால் இருக்கலாம். வெயில் வந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஜான்சி

*

சிதம்பரம்
6.12.2010

ஜான்சி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எழிலனுக்கும் படித்துக் காட்டினேன். "அக்கா, நீ பெரிய ஆளு ஆயிட்டன்னு ஜான்சி அக்காவே எழுதிட்டாங்க, இனிமே சமையல நீ பண்ணு" என்கிறான். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டான். பிப்ரவரியில் உடல்தகுதித் தேர்வு. விடியற்காலையில் ஓடப் போய்விடுகிறான். அப்பா இருந்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முதல் வாரம் சென்னையில் புதிய தொழில்நுட்பங்களுக்கான குழு கூடுகிறது. மழைக்காலத்தில் தாங்கியது என்று சோதனை செய்தவர் இடைக்காலச் சான்று கொடுத்தால் போதும், மாநிலம் முழுக்க வாங்கச் சிபாரிசு செய்வார்களாம். இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. நீ கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்.

நம்மைப் போல வந்தவர்களுக்குக் கதவு ஒரு தடவைதான் திறக்கும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிவு

*

கடலூர்
11.12.2010

அறிவு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

என்னால் முடியாது.

மழையில் தாங்கியது உண்மை. ஆனால் நான் "மழையில் தாங்கியது" என்று எழுதினால் அவர்கள் "தாங்கும்" என்று படிப்பார்கள். அடுத்த மாதமே நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் மூட்டை போகும். அந்த எண்ணெய் சித்திரை வெயிலில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கல்லூரி அடுப்பில் வைத்துப் பார்த்தது வெயில் ஆகாது.

ரோடு ஒருநாளும் நம்மிடம் பேசாது, அறிவு. ஒரு வருஷம் பக்கத்தில் நின்றால்தான் கொஞ்சம் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளியூர்ச் சரக்கை அவசர அவசரமாக அங்கீகரித்தார்கள். அடுத்த வருஷமே அதை ரோடு ரோடாகச் சுரண்டி எடுத்தோம். விற்றவன் ஊரை விட்டே போய்விட்டான்.

கதவு ஒரு தடவைதான் திறக்கும் என்றாய். அதனால்தான் சொல்கிறேன். உன் கலவை கோடையில் இளகினால், கூடவே என் கையெழுத்தும் இருந்தால், என்ன சொல்வார்கள்? கலவை சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். ரெண்டு பொம்பளைங்க, ஒரே ஹாஸ்டல், ஒரே மாதிரி இடத்திலிருந்து வந்ததுங்க, கூட்டுச் சேர்ந்து ஏமாத்திட்டாளுங்க என்பார்கள்.

மே மாதம் வரை பொறுத்துக்கொள்.

ஜான்சி

*

சிதம்பரம்
19.1.2011

சோதனை அதிகாரி அவர்களுக்கு,

பொங்கலுக்கு மறுநாள் எழிலன் ஓடிவிட்டு வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தான். மழை பெயர்த்துவிட்டுப் போன குழி. செங்கல் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். அதில் விழுந்துவிட்டான். இடுப்பு எலும்பில் உடைவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பான், ஓட மாட்டான் என்று டாக்டர் சொல்கிறார்.

பிப்ரவரித் தேர்வுக்குப் போக முடியாது என்று அவனுக்குத் தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

நீ மே மாதம் வரை பொறுக்கச் சொன்னாய். நாங்கள் பொறுத்தோம். இனி என்னிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதவும்.

சு. அறிவுமதி

*

கடலூர்
23.5.2011

அறிவு,

இது ஐந்தாவது கடிதம். முந்தைய நாலுக்கும் நீ பதில் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ மருந்து வாங்கப் போயிருப்பதாக நர்ஸ் சொன்னாள். நாங்கள் இருந்தவரை நீ வரவில்லை. எழிலன் அம்மாவோடு கொஞ்சம் பேசினான். என்னோடும் பேசினான். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை.

கல்லூரி அலுவலகத்துக்கு எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். அறிக்கையின் நகல் உனக்கு அங்கிருந்து வரும். அதற்கு முன்னால் என் மூலமாக நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

அக்னி நட்சத்திரத்தில் உன் ஒட்டுகள் இளகிவிட்டன. லால்பேட்டையில் பாதிக்கு மேல். செம்மங்குப்பத்தில் ஏறக்குறைய எல்லாமே. தார் மேலே ஏறிக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சில இடங்களில் லாரி டயரே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் ஒரு கோடை மழை பெய்தது. பால்காரர் ஒருவர் அதன் மேல் வழுக்கி விழுந்தார். கையில் சிராய்ப்புதான். மீதி இருந்ததையெல்லாம் சுரண்டி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது நடந்துவிட்டது என்று எழுத வரவில்லை. வெயிலில் நின்று பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. கார்த்திகை மழையில் கெட்டியாகக் கிடந்ததைப் பார்த்தவள் நான்தான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஆழம் குறைந்த குழிகளில் இருந்த ஒட்டுகள் இளகவே இல்லை. அவற்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ பார்க்காமல் எறிந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

ஜான்சி

*

சிதம்பரம்
17.6.2011

ஜான்சி,

எறியவில்லை.

பார்சல் வந்த அன்றைக்கே பஸ் ஏறிச் செம்மங்குப்பம் போனேன். உனக்குச் சொல்லவில்லை. ரோட்டோரம் நின்று, சுரண்டி எடுத்த குழிகளைப் பார்த்தேன். டீக்கடைக்காரர், "யாரும்மா நீ, தார் கம்பெனியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தேன்.

அறிக்கையைப் படித்தேன். நீ ஒரு வரிகூடக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கல்லூரியில் எதிர்பார்த்த மாதிரியே பேசுகிறார்கள். உன் பெயரை யாரும் இழுக்கவில்லை. இழுக்க வழியில்லை.

துண்டுகளை உடைத்துப் பார்த்தேன். எண்ணெய்தான் காரணம். ஆழம் குறைந்த குழியில் எண்ணெய் மெல்ல ஆவியாகிப் போய்விடுகிறது, தார் இறுகிவிடுகிறது. ஆழமான குழியில் மேல்பக்கம் மூடிக்கொள்கிறது, அடியில் எண்ணெய் அப்படியே நிற்கிறது. கார்த்திகையில் அது தெரியாது. சித்திரையில் அடுப்பில் ஏற்றின வெண்ணெய்தான். ஆழக் குழியில் அடியில் வெறும் ஜல்லியை இடித்து நிரப்பி, மேலே மட்டும் மெல்லிசாகக் கலவை போட்டால் என்ன ஆகும் என்று கல்லூரி வளாகத்துப் பாதையில் பார்க்கப்போகிறேன். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.

எழிலன் ஊன்றுகோலை விட்டுவிட்டான். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான்.

வேறு எழுத இன்னும் மனசு வரவில்லை.

அறிவு

*

கடலூர்
2.1.2012

அறிவு,

போன் இல்லை, கரண்ட் இல்லை. ஜீப் டிரைவர் சிதம்பரம் போகிறார் என்பதால் மடியில் வைத்து எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். புயலில் நாங்கள் பிழைத்துக்கொண்டோம். வீட்டு ஓடு பாதி போய்விட்டது. அம்மா கோயிலில் இருக்கிறாள், அங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள். உங்கள் பக்கம் எப்படி?

மரங்களை வெட்டித் தள்ளிவிட்டோம். அவற்றின் அடியில் ரோடு இருக்கும் என்று நினைத்தோம், இல்லை. வேரோடு சாய்ந்த இடமெல்லாம் பள்ளம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போகிறது. நேற்று ஒரு பிள்ளைத்தாச்சி அந்தக் குலுக்கலில் துடித்ததைப் பார்த்தேன். தார் பிளான்ட் எல்லாம் கரண்ட் இல்லாமல் நிற்கிறது. வானம் இன்னும் மூட்டமாகவே இருக்கிறது.

உன் கொட்டகையில் கலவை மூட்டை இருக்கிறதா? இருந்தால் எல்லாவற்றையும் இந்த ஜீப்பிலேயே ஏற்றிவிடு. கையெழுத்து நான் போடுகிறேன்.

ஜான்சி

*

சிதம்பரம்
2.1.2012, அதே ஜீப்பில்

ஜான்சி,

நாங்கள் நலம்.

மூட்டை இருக்கிறது. ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யோசி. ஜல்லி போட்டு மூடுகிற முறையைக் கல்லூரிப் பாதையில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே ஓடுவது சைக்கிளும் முதல்வர் காரும்தான். லாரி ஏறினால் என்ன ஆகும் என்று தெரியாது. இன்னும் அது ஒரு கோடையைப் பார்க்கவில்லை. தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நாளைக்கு ஏதாவது ஆனால் உன் வேலைக்கு ஆபத்து. என் பெயரைப் போட்டுக்கொள், உன்னுடையது வேண்டாம்.

எழிலன் கூட வருகிறான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எப்படி இடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அறிவு

*

கடலூர்
20.1.2012

அறிவு,

கையெழுத்து என்னுடையதுதான் போட்டேன். "அவசரத்துக்கு மட்டும். பங்குனி முடிவதற்குள் ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்க வேண்டும், இளகியதை எடுத்துவிட வேண்டும்" என்று எழுதிப் போட்டேன். வைத்திலிங்கம் சார் படித்துவிட்டு, "தோண்டறதுக்கும் சேத்து இப்பவே உத்தரவு வாங்கிடு, அப்பறம் எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார். வாங்கிவிட்டேன்.

எழிலன் எங்கள் வீட்டிலேயே தங்கினான். ஒவ்வொரு ஒட்டின் ஓரத்திலும் வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் போட்டான், பிறகு தேடக்கூடாது என்பதற்காக. மதியம் ஒருநாள் விழுந்துகிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போது நான் கேட்டே விட்டேன், என் மேல் அவனுக்கு வருத்தம் இருக்கிறதா என்று.

அவன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா, நான் வுழுந்த ரோடு உங்க ஆபீசு ரோடே இல்ல. ஊருக்குள்ள போற சின்ன ரோடு. அந்த டிசம்பர்லயே நீங்க கையெழுத்து போட்டிருந்தாகூட அந்தக் குழிக்கு எந்த மூட்டையும் வந்திருக்காது. இத மனசுல வச்சுக்கிட்டா ஒரு வருசமா நடமாடறீங்க?"

அது யாருடைய ரோடு என்று விசாரிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விசாரிக்கவே இல்லை. நான்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவள் இதை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆனால் அறிவு, வேறு ரோடுகள் இருந்தன. அந்த மழையில் எங்கள் ரோட்டிலும் யாராவது விழுந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. காத்திருக்கச் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். காத்திருந்ததற்கு விலை இல்லை என்று மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜான்சி

*

சிதம்பரம்
26.1.2012

ஜான்சி,

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். எந்த ரோடு என்று எனக்குத் தெரியாதா, அதில்தான் தினமும் போகிறேன்.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. மழையைத் திட்டினால் அது கேட்காது. நீ கேட்பாய் என்று தெரிந்தது, அதனால் உன்னைத் திட்டினேன். பிறகு எப்படித் திரும்பி வருவது என்று தெரியவில்லை.

பங்குனியில் தோண்டும்போது நானும் வருகிறேன். சவரியம்மாவிடம் சொல்லிவை, சாப்பிட்டுவிட்டு வர மாட்டேன்.

அறிவு

*

கடலூர்
28.6.2012

அறிவு,

நீ ஊருக்குப் போனதிலிருந்து அம்மா உன் பேச்சாகவே இருக்கிறாள். வெயிலில் கறுத்துவிட்டாயாம். ரோட்டைத் தோண்டினால் வெளுக்கவா செய்வார்கள்?

இறுதி அறிக்கை இன்று போய்விட்டது. நாம் இரண்டு பேரும் பார்த்ததுதான். ஜல்லி போட்டு மூடியவை பெரும்பாலும் நின்றன. லாரிகள் நிற்கிற இடங்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் இளகின. அதனால் நிரந்தரமாகப் போட இதைச் சிபாரிசு செய்யவில்லை. மழைக்காலத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும், கோடைக்கு முன் எடுத்துவிட்டு முறையான தார் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு சிபாரிசு செய்திருக்கிறேன்.

'தற்காலிகம்' என்ற வார்த்தையை நாலு இடத்தில் போட்டிருக்கிறேன். பத்து வருஷம் யோசித்தவளுக்கு அது சின்ன வார்த்தையாகத் தெரியும். வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ஜான்சி

*

சிதம்பரம்
30.10.2012

ஜான்சி,

குழு உன் சிபாரிசை அப்படியே ஏற்றுக்கொண்டதும், மூட்டைகள் முதலில் ஜில்லாவின் மேற்குப் பக்கம் போவதும் உனக்குத் தெரியும். நேற்றைக்கு நானும் திட்டக்குடி போயிருந்தேன். எழிலன் வண்டி ஓட்டினான். இப்போது மூட்டைக் கொட்டகையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான், சாயங்காலம் வேறு தேர்வுக்குப் படிக்கிறான்.

தூறிக்கொண்டிருந்தது. ரோட்டு வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர், தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எழிலன் அவர்களுக்கு ஜல்லி எவ்வளவு, கலவை எவ்வளவு என்று காட்டிக்கொடுத்தான். கோடையில் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொன்னான். அவர்களுடைய மேஸ்திரியம்மா, கொளஞ்சி என்று பெயர், திமிசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, தோண்டித்தான் எடுக்கணும்னா அப்பறம் எதுக்கு இத இம்மாம் பாடுபட்டுப் போடறது?"

சென்னையில் அத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. பழைய அறிவாக இருந்தால் எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும்.

"மழ நிக்கற வரைக்கும் யாரும் வுழாம இருக்கத்தாங்க" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். தூரத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். புதிதாக இடித்த ஒட்டின் மேல் ஏறி, குலுங்காமல், தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனது. உள்ளே ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

கொளஞ்சி திமிசை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப சரி. தோண்டறப்பவும் எங்களயே கூப்புடுங்க."

அறிவு